தீர்மான நோட்டு யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

பழங்குடி ஊர்களில் களப்பணி செய்வதை வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு, சத்தியமங்கலம், தாளவாடி, கூடலூர் மலையூர்களில் வெகுகாலமாக வன உரிமை வேலை பார்த்துவரும் களப்பணியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

சமூகப்பணியில் முதுகலை படிக்கிறேன். பழங்குடி மக்களோடு வேலை செய்ய ‘ஃபெசிலிடேட்டர்’ தேவை என்று விளம்பரம் வந்திருக்கிறது. அவர் என்னதான் செய்வார்? எங்கள் வகுப்பில் யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.
– மாணவி, திண்டுக்கல்

விளம்பரத்தில் இருக்கும் பெரிய பெரிய வார்த்தைகளைத் தள்ளி வையும்மா. பாதி நாள் கூட்டம் கூட்டுவது, மீதி நாள் காகிதம், நடுவில் நிறைய காத்திருப்பு. ஓர் ஊர் தன் முடிவைத் தானே எடுக்க வேண்டும், எடுத்த முடிவு அரசாங்க மேசையில் செல்லுபடியாக வேண்டும். அதற்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே தயார் செய்து வைப்பவர்தான் இவர்.

நான் அதிகம் செய்திருப்பது வன உரிமை வேலை என்பதால் அதையே சொல்கிறேன். 2006ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டத்துக்கு 2008 ஜனவரி 1 அன்று விதிகள் வந்தன. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்யும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. கணவன் மனைவி இரண்டு பேர் பேரிலும் பட்டா வரும், விற்க முடியாது. இதற்கு ஏ படிவம். மேய்ச்சல், தேன், கடுக்காய், சீமாறு போன்ற பொது உரிமைகளுக்கு பி படிவம். ஊர் காலங்காலமாகக் காத்துவந்த காட்டை ஊரே நிர்வகிக்க சி படிவம். இது 2012 திருத்தத்தில் சேர்ந்தது.

எந்தப் படிவமானாலும் கிராம சபை வழியாகத்தான் போக வேண்டும். கிராம சபை என்றதும் குடியரசு தினத்தன்று பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கூடுமே, அது உனக்கு நினைவு வரும். அது இங்கே உதவாது. மலைப் பஞ்சாயத்து ஒன்றில் எஸ்டேட் லைன், கடைவீதி, பத்துப் பன்னிரண்டு குக்கிராமங்கள் எல்லாம் சேர்ந்து கிடக்கும். அதில் முப்பது வீட்டு இருளர் ஊரின் பேச்சு எங்கே எடுபடும்? வன உரிமைக்கான சபை அந்தக் குக்கிராமத்திலேயே கூட வேண்டும் என்று மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2012லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அந்தத் தாளின் நகல் எப்போதும் என் பையில் இருக்கும். காட்டினால்தான் நம்புகிறார்கள்.

அப்புறம் சபைக்கு ஆள் வர வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். விதிப் புத்தகத்தில் இது இரண்டே வரி. ஊரில் வேறு கணக்கு. கரும்பு வெட்டும் பருவத்தில் பாதி ஊர் கர்நாடகத்தில் இருக்கும். சித்திரை, வைகாசியில் ஆண்கள் தேன் எடுக்கப் போய்விடுவார்கள். காலை எட்டரைக்கு மேல் எல்லோரும் கூலி வேலைக்குப் போய்விட, பொழுது சாய்ந்தபின் யானைத் தடத்தைத் தாண்டி யாரும் வர மாட்டார்கள். பெண்கள் ஒன்றாகக் கிடைக்கும் நாள் ரேஷன் போடும் நாள்தான். கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீஸ் வசதிக்குத் தேதி வைத்தால் சபை கூடாது. ஊரின் வசதிக்குத் தேதி வைத்து, ஆபீஸை அதற்குச் சம்மதிக்க வைப்பது உன் வேலை.

சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் குழுவும் ஊர்ப் பெரியவர்களும் எல்லை நடப்பார்கள், நீ கூட நடப்பாய். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நாள் அதுதான். ஒரு பாட்டி ஓடைக்கரையில் நின்று, "இங்கேதான் பழைய ஊர், அந்தப் புளியமரத்தடியில் எங்க அம்மாவைப் புதைத்தோம்" என்பார். அது வெறும் நினைவு இல்லை, சாட்சியம். இடுகாடு, கோயில், கிணறு, பழைய வீட்டு மேடு எல்லாம் சட்டப்படி ஆதாரம். கோரிக்கையாளர் அல்லாத ஒரு பெரியவரின் வாக்குமூலமும் எழுதி வைத்தால் ஆதாரம். ஒன்று போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும். செயற்கைக்கோள் படத்தைத் துணைக்குத்தான் வைத்துக்கொள்ளலாம், மற்ற ஆதாரங்களை அது ஒதுக்கித் தள்ள முடியாது. இது தெரியாததால் தள்ளுபடி ஆன மனுக்கள் கொஞ்சமா நஞ்சமா.

கள ஆய்வுக்கு வனத்துறையும் வருவாய்த்துறையும் வர வேண்டும். வர மாட்டார்கள். பிறகு, "நாங்கள் பார்க்கவே இல்லையே" என்று மனுவைத் திருப்புவார்கள். விதியில் இதற்கும் வழி உண்டு. அப்படித் திரும்பி வந்த மனுவுக்கு மறு ஆய்வு வைத்து, அப்போதும் அவர்கள் வராவிட்டால், கள ஆய்வில் கிராம சபையின் முடிவே இறுதி. ஆனால் அழைப்புக் கடிதம் கொடுத்தோம் என்பதற்கு முத்திரையிட்ட ஒப்புகை இருக்க வேண்டும். நல்ல ஃபெசிலிடேட்டரை அவர் பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒப்புகைக் கோப்பைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் பார். சபையின் முடிவுகளை எழுதி வைக்கும் தீர்மான நோட்டு யார் வீட்டில் இருக்கிறது? தொண்டு நிறுவன ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருந்தால் அந்த ஊரில் வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்று எடுத்துக்கொள். கரையான் அரிக்கும், மழையில் நனையும், சரி. பிளாஸ்டிக் உறையும் தகரப் பெட்டியும் வாங்கிக் கொடு. நோட்டு ஊரில்தான் இருக்க வேண்டும்.

என் மகள் பெங்களூரில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டுப் பழங்குடி மக்களுக்கு வேலை செய்யப் போகிறேன் என்கிறாள். தடுக்கவில்லை, ஆனால் பயமாக இருக்கிறது. சம்பளம் எவ்வளவு வரும்? இதில் வளர்ச்சி என்று ஏதாவது உண்டா?
– ஒரு தந்தை, திருப்பூர்

பயம் நியாயமானதுதான் ஐயா. நான் பார்த்த சிறு நிறுவனங்களில் புதிதாக வருபவருக்கு மாதம் 20,000 ரூபாயைச் சுற்றித்தான் கிடைக்கிறது. பெரிய அறக்கட்டளைகள் கூடுதலாகத் தருகின்றன. தொகையைவிட எனக்குக் கவலை தருவது அதன் ஆயுள். பணம் திட்டத்தோடு வரும், திட்டத்தோடு போகும். 2020ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. நன்கொடை பெற்ற நிறுவனம் அதிலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கவும் கூடாது என்று ஆனது. பெரிய நிறுவனத்திடம் பணம் வாங்கி மலையடிவாரத்தில் வேலை செய்த சின்ன அமைப்புகளுக்கு அதோடு மூச்சு முட்டியது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பீர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, மருத்துவ முகாம் என்றால் கேட்டவுடன் தருவார்கள். நில உரிமை என்றதும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

வளர்ச்சி உண்டு, ஆனால் மெதுவாக. களத்தில் சில ஆண்டுகள் இருந்தவர்கள் திட்ட ஒருங்கிணைப்பாளர், பயிற்சியாளர், ஆராய்ச்சியாளர் என்று போகிறார்கள். சிலர் சட்டம் படித்து வக்கீலாகத் திரும்பி வருகிறார்கள். அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மகளிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். பலன் தெரியாமல் எத்தனை வருஷம் தாங்குவாள்? தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டா வழங்குவதற்கு 2008லிருந்து 2016 வரை நீதிமன்றத் தடை இருந்தது. மனு எழுதினோம், எல்லை நடந்தோம், கோப்பு கட்டினோம், ஒரு பட்டா கையில் வரவில்லை. அந்தக் காலத்தில் நல்ல பிள்ளைகள் பலர் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நேராக ராஜினாமா செய்ய வேண்டாம். பாரத ஸ்டேட் வங்கியின் ‘யூத் ஃபார் இந்தியா’ போல 13 மாத ஊர்ப்புறப் பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன. ஒரு முழு மழைக்காலத்தை அவள் மலையில் கழிக்கட்டும். அதற்குப் பிறகும் இருக்கிறேன் என்றால் நீங்கள் தடுத்தாலும் கேட்க மாட்டாள்.

கல்யாணம் பற்றியும் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் ஆள் இல்லை.

நான் பணியர் சமூகம். பிளஸ் டூ முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் அனிமேட்டராக, அதாவது ஊரில் மக்களைத் திரட்டும் களப்பணியாளராக இருக்கிறேன். ஊரில் எல்லாக் கூட்டத்தையும் நான்தான் கூட்டுகிறேன், மொழிபெயர்க்கிறேன். ஆனால் கோஆர்டினேட்டர் எப்போதும் வெளியூரிலிருந்துதான் வருகிறார். இரண்டு வருஷத்தில் அவர் போய்விடுவார், அடுத்தவர் வருவார், மறுபடி முதலிலிருந்து நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இது மாறுமா?
– வாசகர், கூடலூர்

வந்த கடிதங்களிலேயே சரியான கடிதம் உங்களுடையதுதான் தம்பி. பலர் கேட்கத் தயங்குவதைக் கேட்டுவிட்டீர்கள்.

வேலையின் மூளை நீங்கள், சம்பளத்தின் பெரும்பகுதி அவருக்கு. இதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணம், "அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே" என்பது. அறிக்கை எழுதுவது வேலையில் ஒரு துண்டு. அதற்கு ஒரு ஆளைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். பணியர் பாடியில் (குடியிருப்பில்) யார் பேசினால் யார் எழுந்து போவார்கள், எந்த மூப்பன் வாயைத் திறக்காமலே ‘வேண்டாம்’ என்கிறார், இதைத் தெரிந்துகொள்ள ஆளை எங்கே போய் வாடகைக்கு எடுப்பது?

மாறுமா என்று கேட்டீர்கள். உங்கள் ஊரிலேயே மாறியிருக்கிறது. 1980களின் நடுவில் ஆதிவாசிகளோடு வேலை செய்யும் அக்கார்ட் என்ற தொண்டு அமைப்பு கூடலூரில் தொடங்கியது. அதன் வேலையிலிருந்து ஆதிவாசி முன்னேற்ற சங்கம் எழுந்து, 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர் வீதியில் ஊர்வலம் போனார்கள். அதுவரை அந்த வீதியில் ஒதுங்கி நடந்த மக்கள். பிறகு வந்த ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்கள் செவிலியர்களாகப் பயிற்சி பெற்றார்கள். உங்கள் அத்தையோ பெரியம்மாவோ அதில் இருந்திருக்கலாம், போய்க் கேளுங்கள்.

நிறுவனத்திடம் என்ன கேட்கலாம்? ‘பதவி உயர்வு கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். மூன்று வேலைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: திட்டத்தின் வரவுசெலவைப் பார்க்கும் வேலை, வன உரிமை மனுக்களை முடிவு செய்யும் மாவட்ட அளவிலான குழு முன் நேரில் பேசும் வேலை, நிதி தருபவர்கள் வரும்போது அவர்களுக்கு ஊரைக் காட்டும் வேலை. கோஆர்டினேட்டர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். இவை உங்கள் கைக்கு வந்துவிட்டால் பெயர்ப்பலகையை ரொம்ப நாள் மறுக்க முடியாது. அஞ்சல் வழியில் ஒரு பட்டமும் படித்து வையுங்கள். படிப்புக்காக அல்ல, அந்த ஒரு சாக்கை அவர்கள் கையிலிருந்து பிடுங்குவதற்காக.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் ஊருக்குள் உங்களுக்கு இருக்கும் மதிப்பு முள்ளுக்குறும்பர் ஊரில் தானாக வராது. பணியர்களைப் பரம்பரை பரம்பரையாகப் பண்ணை அடிமைகளாக வைத்திருந்த வரலாறு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மேடு பள்ளம் ஆதிவாசிகளுக்கு இடையிலும் மிச்சம் இருக்கிறது. ஒரு பணியப் பையன் வந்து எங்களுக்குக் கூட்டம் நடத்துவதா என்று முகம் சுளிக்கும் ஆட்கள் இருப்பார்கள். முதல் சில கூட்டங்களுக்கு அந்த ஊர்ப் பெண்கள் இருவரை முன்னால் நிறுத்துங்கள். நீங்கள் கணக்கும் காகிதமும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர்களே கூப்பிடுவார்கள்.

எந்தக் கல்லூரியில் படித்தால் இந்த வேலை கிடைக்கும்?
– வாசகர், விழுப்புரம்

காந்திகிராமம், சென்னை சமூகப்பணிக் கல்லூரி, மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். எல்லாம் நல்லவை. ஆனால் சட்டத்தை நீங்களாகத்தான் படிக்க வேண்டும். உதாரணம் சொல்கிறேன். மலையாளி சமூகம் சேலத்திலும் தர்மபுரியிலும் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. அதே மக்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருந்தால் பட்டியலில் இல்லை. அவர்கள் வன உரிமை கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டால் தவறு. மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்டினால் ‘பிற பாரம்பரிய வனவாசிகள்’ என்ற பிரிவில் கேட்கலாம். இது வகுப்பில் வராது. வந்தாலும் அன்றைக்கு நீங்கள் லீவு போட்டிருப்பீர்கள்.

ஊர்களில் எடுக்கும் படங்களை ரீல்ஸாகப் போட்டால் மக்களின் பிரச்சினை வெளியே தெரியுமே?
– வாசகி, சென்னை

யாருடைய படமோ அவரிடம் கேளுங்கள். குழந்தைகள், சாமி இடங்கள், தேன் எடுக்கும் பாறைகள் வேண்டவே வேண்டாம். தேன் பாறை எங்கே என்று தெரிந்தால் அடுத்த வருஷம் வேறு ஆள் ஏறியிருப்பான்.

நான் வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்களைப் போன்றவர்கள் மக்களைத் தூண்டிவிடுகிறீர்கள் என்பது என் அபிப்பிராயம். புலிகள் காப்பகத்துக்குள் ஊர்களை வைத்துக்கொண்டு காட்டை எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

கோபமாக எழுதினாலும் முகவரியோடு எழுதியிருக்கிறீர்கள் சார், நன்றி.

தூண்டிவிடுவதைப் பற்றி: ஃபெசிலிடேட்டர் கூட்டத்தில் அதிகம் பேசினால் அந்தக் கூட்டம் கெட்டுவிட்டது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். புதிதாக வரும் சிலர் மைக் கிடைத்ததும் முழங்குவது உண்மைதான். மறுநாள் அதன் விலையை ஊர்க்காரர்கள்தான் கொடுப்பார்கள், இவர் பஸ் ஏறிப் போய்விடுவார். அவர்கள் விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு.

காட்டைப் பற்றி: சத்தியமங்கலம் 2013ல் புலிகள் காப்பகம் ஆனது. 2010க்குப் பிறகு புலிகள் இரட்டிப்பானதற்காக 2022ல் அதற்கு டி.எக்ஸ்.2 என்ற சர்வதேச விருது கிடைத்தது. அவ்வளவு காலமும் அந்தக் காட்டுக்குள் ஊர்கள் இருந்துகொண்டேதான் இருந்தன. பக்கத்திலேயே கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளிகர் பழங்குடியினர் 2011ல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை வாங்கினார்கள். கோடைக்கு முன்னால் சருகுக்கு வைக்கும் சின்னத் தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது என்று அந்த மலைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நீங்களும் ரோந்து போகும்போது அந்த உண்ணிப் புதரில் சட்டை கிழிந்து திட்டியிருப்பீர்கள்.

உங்களோடு ரோந்து வந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள் யார் என்றும் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இருளர், குறும்பர் பையன்கள்தானே? அவர்களுடைய அப்பாவுக்குத்தான் நாங்கள் ஏ படிவம் எழுதுகிறோம். 2019 பிப்ரவரி 13 அன்று, மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி உச்சநீதிமன்ற உத்தரவு வந்தது. 28ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த நாட்களில் எனக்கு வந்த போன்களில் சில, உங்கள் துறையின் கடைநிலைக் காவலர்களிடமிருந்து வந்தவை. "எங்க வீட்டையும் எடுப்பாங்களாக்கா?" என்று கேட்டார்கள். சரிபார்ப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது என்று வாசித்துக் காட்டினேன்.

சண்டை போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரேஞ்சர்களும் உண்டு. அவர்கள் இருந்த இடங்களில் வேலை வேகமாக முடிந்தது.

ஆலோசனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். வேறு மாநிலத்தில் ஒரு சுரங்கத் திட்டத்துக்காகப் பழங்குடி ஊர்களில் ‘கலந்தாய்வு’ நடத்தச் சொல்கிறார்கள். கூட்டத்தை நல்லபடியாக முடித்து ஒப்புதல் கையெழுத்தோடு வர வேண்டுமாம். என் பதவியின் பெயரும் ஃபெசிலிடேட்டர்தான். போகலாமா?
– வாசகி, சென்னை

ஒடிசாவின் நியமகிரி மலையில் நடந்ததை முதலில் படியுங்கள். வேதாந்தா கம்பெனியின் பாக்சைட் சுரங்க வழக்கில் உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று, கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. டோங்ரியா கோண்டு மக்கள் அதிகம் வாழும் 12 ஊர்களில் சபை கூடியது. 12ம் வேண்டாம் என்றன. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். ‘வேண்டாம்’ என்பதும் ஒரு முடிவு என்று ஏற்றுக்கொண்ட கூட்டங்கள் அவை. உங்களை அனுப்புகிறவர்கள் அப்படியொரு முடிவோடு நீங்கள் திரும்பி வந்தால் என்ன செய்வார்கள்? போவதற்கு முன் மேலாளரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கிராம சபை ஒப்புதல் வேண்டும் என்று 2009ல் சுற்றறிக்கை வந்தது. 2022ல் விதியை மாற்றி, மத்திய அரசு அனுமதி கொடுத்த பிறகு வன உரிமையை மாநில அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் கம்பெனிகளுக்கு அவசரம் கூடியிருக்கிறது, உங்களைப் போன்றவர்களுக்கு வேலையும் கூடியிருக்கிறது.

வீட்டு நிலைமையால் உடனே விட முடியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சரி, போவதென்றால் இப்படிப் போங்கள். திட்ட அறிக்கையின் சுருக்கம் அந்த மக்களின் மொழியில், கூட்டத்துக்குப் பல நாள் முன்பே ஊரில் இருக்க வேண்டும். போலீஸ் வண்டியும் கம்பெனி வண்டியும் கூட்டம் நடக்கும் இடத்துக்கு வரக் கூடாது. வருகைப் பதிவேடு தனி, தீர்மானம் தனி. சாப்பாட்டுக்கும் பயணப்படிக்கும் வாங்கிய கையெழுத்தைப் பிறகு ஒப்புதல் என்று ஒட்டிவிடுவது பழைய வித்தை. பெண்கள் தனியாகப் பேச ஒரு மணி நேரம் கொடுங்கள். எதிர்த்துப் பேசியதைப் பேசியபடியே எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, நகல் ஒன்றை அன்றே ஊரில் கொடுத்துவிடுங்கள். இன்னொரு நகலைப் பதிவுத் தபாலில் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பி, ரசீதை உங்கள் பேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஏதாவது ஒன்றைச் செய்யக் கூடாது என்று சொன்னால் அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிடுங்கள். ரயில் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.